நிறம் வராத குழி

மார்ச் 3

என் வாலுவுக்கு,

உன் பையனுக்குச் சளி விட்டதா? போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தொலைக்கிறோம், அதனால்தான் கடிதம். பதில் போடாமல் இருந்துவிடாதே. நாள் முழுக்க ஊசி பிடிக்கிற கை பேனா பிடித்தால் தேய்ந்துவிடாது!

எங்கள் ஆய்வகத்தில் ரணஜன்னிக்கு, அதுதான் டெட்டனஸுக்கு, புதுச் சோதனை தொடங்கியிருக்கிறோம். தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள். அடியில் அந்தக் கிருமியின் நஞ்சை வீரியம் நீக்கி ஒட்டவைத்திருப்பார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் குழி மஞ்சளாகும். முதலில் நிச்சயமாக நிறம் வரக்கூடிய ரத்தம் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவரவர் வீட்டு ரத்தத்தைக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். நான் என் பெண், நம் உருண்டையின் ரத்தத்தைப் பெருமையாகக் கொண்டுபோனேன். கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது ஊசி வரை எல்லாம் அவளுடைய நர்ஸ் சித்தி, நீ, உன் கையால் போட்டதாயிற்றே!

நிறம் வரவில்லை. தட்டு கழுவும் கண்ணாடிக்காரியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், அழுதுவிட்டாள். நாளை மறுபடி பார்க்க வேண்டும்.

உன் அன்பு அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

சளி விட்டது, சேட்டைதான் விடவில்லை.

உங்கள் சரக்கு வெயிலில் கெட்டுப்போயிருக்கும். அதற்காகக் குழந்தையை மறுபடி குத்தாதே. வேறு யார் ரத்தமாவது எடு. ஊசி என்றாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறவள் நீ, திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்?

விடுமுறைக்கு அவளை அனுப்பு. கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் வாலு

மார்ச் 16

தங்கைக்கு,

அதே தட்டில் என் ரத்தத்தையும் வைத்தேன். பளீரென்று மஞ்சள். அவள் குழி மட்டும் தண்ணீராகவே இருந்தது. மறுபடி செய்தோம், அப்படியேதான். ரணஜன்னிக்கு எதிர்ப்பொருள் தானாக வராது, ஊசி போட்டால்தான் வரும். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உருண்டையிடம் ஐந்து வயது ஊசியைப் பற்றிக் கேட்டேன். "சித்தி பஞ்சு வச்சுத் தேய்ச்சாங்க, அவ்ளோதான். அம்மா கேட்டா ரொம்ப வலிச்சுதுன்னு சொல்லுன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு, "சித்தியைத் திட்டாதம்மா" என்றாள்.

கைக்குழந்தையாக இருந்தபோது வீறிட்டு அழுதாளே, அப்போது என்ன செய்தாய்? கிள்ளிவிட்டாயா?

கண்ணாடிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க தங்கச்சி போட்டதுன்னா நானும் நம்பியிருப்பேன் மேடம்" என்றாள். அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

மார்ச் 22

அக்கா,

ஆமாம், கிள்ளினேன்.

என் பையனுக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சலில் வலிப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். மற்ற அம்மாக்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன், கை நடுங்காமல் போடுகிறேன். உருண்டையின் காலைப் பிடித்தால் மட்டும் எனக்குக் கை வரவில்லை. சொன்னால் "நீயெல்லாம் ஒரு நர்ஸா?" என்று சிரிப்பாய் என்று நினைத்தேன். ஒரு தடவை மறைத்தேன், பிறகு அதைக் காப்பாற்றவே அடுத்தடுத்து மறைத்தேன்.

கோபம் ஆறியதும் அவளை அனுப்புவாய்தானே? விரிப்பை இன்னும் பிரிக்கவில்லை.

உன் வாலு

ஏப்ரல் 2

தங்கைக்கு,

சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு வேறொரு நர்ஸிடம் போயிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் அவள் துருப்பிடித்த ஆணியை மிதித்து, ரத்தம் ஒழுக வந்து நின்றாள். உனக்குத்தான் போன் செய்தேன். "ஊசியெல்லாம் போட்டிருக்குல்ல, ஒண்ணும் ஆகாது, கழுவிட்டு மருந்து வச்சுக் கட்டு" என்றாய். உன்னை நம்பி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். நீ தூங்கினாயா? எனக்கு இப்போதுதான் தூக்கம் போயிருக்கிறது.

இங்கே அவளுக்கு ஊசிகளை ஆரம்பித்துவிட்டோம். நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. விடுமுறைக்கு அவள் வரமாட்டாள். எந்த விடுமுறைக்கும் வரமாட்டாள். அந்த விரிப்பை வேறு யாருக்காவது போடு.

உன் பையனுக்கும் அந்த வலிப்புக்குப் பிறகு நீ ஒன்றும் போட்டிருக்கமாட்டாய். அவனைக் கூட்டிக்கொண்டு வா. நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திரு. உள்ளே அவன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். ஊசி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா