ஒரு ரசிகை, புதுப்பட்டினம்

11.7.99, ஞாயிறு

புழுக்கம். காற்றே இல்லை. அருணுக்கு இருமல் குறைந்த மாதிரி. மருந்து இன்னும் இரண்டு நாள் (மறக்கக் கூடாது).

மதியம் மகாபலிபுரம், குமுதாவின் ஓவியக் கண்காட்சி. நானும் அருணும் மேல் வீட்டு கோமதி அக்காவும். குமுதா கல்லூரி ஹாஸ்டலில் மூன்று வருஷம் என் ரூம்மேட். என் ரெக்கார்டு நோட்டுக்குப் படமெல்லாம் அவள், அவள் நோட்டுக்கு எழுத்தெல்லாம் நான். படம் போடுவதுதான் முக்கியம் என்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொன்னதிலிருந்து அவள் அப்பா பேசுவதில்லை. நாலு வருஷம்.

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அருணைத் தூக்கிவைத்துக்கொண்டே சுற்றிக் காட்டினாள். முழுக்கச் செம்மண் பூசிய பலகை ஒன்று. முழுக்கச் சுண்ணாம்பு ஒன்று. ஒரே ஒரு கோடு போட்டு ஒன்று. ஆணியடித்த கிழிந்த பாய். "எப்படிடி இருக்கு?" "நல்லா இருக்குடி." வேறென்ன சொல்வது.

நாலரை பஸ்ஸுக்குச் சென்னை கிளம்பினாள். நாளை பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்பு எடுக்க வேண்டுமாம். பார்க்க வருகிறவர்கள் கருத்து எழுத ஒரு நோட்டு வைத்திருந்தாள். "சனிக்கிழமை வந்துதான் நோட்டைப் பாப்பேன், யாரு இன்னா எழுதியிருக்காங்கன்னு. நீயும் எழுதிட்டுப் போடி."

அவள் தலை மறைந்ததும் கோ. அக்கா: "இன்னாம்மா இது, வெள்ளையடிக்க வந்தவன் பாதில ஓடிட்டானா?" சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே சிரிப்போடு நோட்டில் எழுதினேன்: "சுவரில் கிறுக்கியதற்காக நேற்று என் மகனை அடித்துவிட்டேன். தெரியாமல் போயிற்று. டிக்கெட் போட்டிருக்கலாம். இப்படிக்கு, ஒரு ரசிகை, புதுப்பட்டினம்." அக்காவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. எனக்குப் பெருமை வேறு.

12, திங்கள்

பால் வரவில்லை. குக்கர் வைக்கும்போது திடீரென்று உறைத்தது. பெயர் போடாவிட்டால் என்ன? என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா. சோறு இறங்கவில்லை. இவரிடம் சொன்னேன். "விளையாட்டுக்குத்தானே, விடு." பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

15, வியாழன்

பல் டாக்டர் என்று பொய் சொல்லி, அருணை அக்காவிடம் விட்டு பஸ் ஏறினேன். கண்காட்சி ஹாலில் வாட்ச்மேன் மட்டும். "ஆளே வர்லம்மா. முந்தாநாளு ஒரு பெரியவரு வந்தாரு. ரெண்டு தபா சுத்தி சுத்திப் பாத்துகினு இருந்தாரு. நோட்டுல எழுதினாரு, பூட்டாரு. அவ்ளோதான்." வாட்ச்மேன் டீக்குப் போனதும் என் தாளைக் கிழித்தேன். நாலாக மடித்துப் பைக்குள். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை எழுதவே கூசுகிறது.

பஸ்ஸில் வெளியே எடுத்தேன், சுக்கலாக்கி ஜன்னல் வழியே போட. பின்பக்கத்திலும் எழுத்து. பெரிய பெரிய எழுத்து, பால்பாயின்ட் அழுந்தி.

"குமுதா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு தரம் பார்த்தேன். வீட்டுக்கு வா. அப்பா. அச்சரப்பாக்கம்."

என் ஸ்டாப்பில் இறங்கவில்லை. அடுத்ததில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

16, வெள்ளி

மறுபடி இருமல். மூன்று தரம் எழுந்து பார்த்தாயிற்று, காய்ச்சல் இல்லை.

திரும்ப நோட்டிலேயே ஒட்டலாமா? என் பக்கமும் சேர்ந்துதான் போகும். என் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கலாமா? பசை டப்பாவைத் திறந்தும் விட்டேன். அப்பா வந்தார் என்று வாயால் மட்டும் சொன்னால்? நாலு வருஷத்துக்குப் பின் அவர் எழுதியது அவள் கையில் வேண்டாமா.

நாளை வருவாள். நேரில் போக முகமில்லை. தாளோடு தபாலில் போடுகிறேன். நகல் இங்கே:

குமுதா, இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் தைரியம் வரவில்லை. இந்தத் தாளை உன் நோட்டிலிருந்து கிழித்தது நான். ரசிகை என்று எழுதியதும் நான், பக்கத்தில் ஒருத்தியைச் சிரிக்க வைக்க. உன் படங்கள் எனக்கு இன்னும் புரியவில்லை. நல்லா இருக்கு என்றதும் பொய். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் அப்பா எழுதியதை முதலில் படி. செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் போய்ப் பார்த்தாயா என்று மட்டும் ஒரு வரி, சீக்கிரம் எழுது.