பச்சை பிடிக்காத நாற்றுகள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். பேசும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கினாலும் நான் எதையாவது கற்பனை செய்துகொள்வேன். என் புத்திதான் உனக்குத் தெரியுமே.

விஷயம் உன் விதைகள். நீ விட்டுப்போன ஆய்வகத்தில் இன்னமும் நான்தான் விதை முளைக்கவைக்கும் தட்டுகளுக்கு அகார் கூழ் காய்ச்சி ஊற்றுகிறேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் கண்ணாடிக்காரப் பெண் ஆறு வாரமாக உன் பரிசோதனையை மறுபடி செய்துபார்க்கிறாள். நீ அன்று எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. முளைக்கிற விதைக்குப் புதுச் செல் உண்டாக்க நியூக்ளியோடைடு என்ற மூலப்பொருள் வேண்டும். விதையில் இருக்கும் கையிருப்பு சில நாள்தான் தாங்கும், பிறகு நாற்று தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். உன் விதைகளுக்கு அந்தத் தயாரிப்பில் பழுது. அதனால் நாற்று வெளுத்து, இரண்டு இலையோடு நின்றுவிடும். அந்தக் குறையை ஈடுகட்டும் யூரிடினைக் கூழில் கலந்து கொடுத்தால் பச்சை பிடித்து வளரும். இதைத்தானே கட்டுரையாக எழுதினாய்? அதை வைத்துத்தானே அங்கே வேலை கிடைத்தது?

இவளுக்குப் பச்சை பிடிக்கவே இல்லை. யூரிடின் போட்ட தட்டிலும் நாற்றுகள் சோகை பிடித்தாற்போல் கிடக்கின்றன. பேராசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணைக் குழு கூடி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதா என்று முடிவு செய்யப்போகிறார்களாம்.

எனக்கு முதல் நாளிலிருந்தே அவள் மேல்தான் கண். காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். தட்டில் எழுதும்போது கையால் மறைத்துக்கொள்வாள். யூரிடினைப் போடாமலே போட்டதாக எழுதி உன் பெயரைக் கெடுக்கிறாள் என்று தீர்மானித்தேன். அண்ணியிடம் சொன்னதற்கு, "உங்களுக்குத் தபால்காரர் மேலேயும் சந்தேகம்தான், விடுங்க" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை, அவள் சாப்பிடப் போன நேரத்தில் குளிர்பெட்டியைத் திறந்து யூரிடின் சீசாவை எடுத்தேன். நீ கேட்டு, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்த சீசா. எடை போட்டுப் பார்த்தால் அவள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நினைத்தேன். எடை போட வேண்டியிருக்கவில்லை. மூடியைச் சுற்றியிருந்த சீல் உடையவே இல்லை. மாட்டினாள் என்று துள்ளிக் குதிக்காத குறை. அவள் வந்ததும், யூரிடின் உண்மையிலேயே போடுகிறாயா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "போன மாசம் புதுசா வந்துதே, அதிலிருந்துதான் போடுறேன். டப்பாவைப் பிரிச்சுக் கொடுத்ததே நீங்கதானே அண்ணா" என்றாள். உண்மை. நான்தான் கொடுத்தேன். சொல்லிக்கொண்டே தட்டில் தேதி எழுதினாள். இடக்கைக்காரி, அவளுக்குக் கை மறைத்துத்தான் எழுத வரும்.

வெட்கத்தோடு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நீ இருந்த காலம் முழுக்க இங்கே இருந்தது சீல் உடையாத அந்த ஒரே சீசாதான். அப்படியானால் நீ ஓடிவந்து எனக்குக் காட்டினாயே, அந்தப் பச்சை நாற்றுகளுக்கு எதைப் போட்டாய்? அவை பழுதில்லாத விதைகளா? உன்னிடம் இதைக் கேட்கவே கை கூசுகிறது. பக்கத்து ஆய்வகத்தில் யாராவது ஒரு சிட்டிகை கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் யார் என்று உடனே எழுது, நானே போய் அவரைக் குழுவின் முன்னால் சொல்ல வைக்கிறேன்.

பத்தாம் தேதி பழைய சீசாக்களையெல்லாம் மேசைமேல் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர். சீல் விஷயம் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அண்ணியிடமும் சொல்லவில்லை. எதையும் வாயில் அடக்கத் தெரியாத நான் இதை மட்டும் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எது நடந்திருந்தாலும் எழுது, கோபிக்க மாட்டேன். அந்த மூடியை ஒரு திருகு திருகிவிடு அண்ணா என்று மட்டும் என்னிடம் கேட்காதே அம்மா. நீ கேட்டால் நான் செய்துவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாத,
உன் அண்ணன்