பன்னிரண்டு போத்தல் தண்ணீர்

ஆங் மோ கியோ,
சிங்கப்பூர்.
16-9-1979, ஞாயிறு

அன்பு மகள் அருள்ஜோதிக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்துவிட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, லிஃப்ட் நிற்காத மாடியில் வீடு எடுத்தேன் என்று என்னைத் திட்டுவதுதான் குறையவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டுக்குப் போய் உனக்கு மிளகாய்த்தூள் அரைத்து வந்து பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். மூன்று வாரமாக அப்பாவிடமிருந்து கடிதம் இல்லையே என்று கோபப்பட்டிருப்பாய். காரணம் இருக்கிறது. கல் குவாரியில் என் வேலை இப்போது ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அம்மா எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. பயப்படாதே, விஷயம் கேட்கச் சுவையானதும்கூட.

ஆகஸ்டு நடுவில் சுற்றுச்சூழல் அமைச்சிலிருந்து ஓர் இளம் இன்ஸ்பெக்டர் வந்தார். குவாரிக்குக் கீழே புதிதாக எழும்பிய அடுக்குமாடி புளோக்குகளில் ஜன்னல் திறக்க முடியவில்லை, ஒரே கல்தூசி என்று புகாராம். அவர் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்திருந்தார். அது காற்றை இழுக்கிறது, உள்ளே வெள்ளைத் தாள், ஒரு மணி நேரம் கழித்துத் தாளை எடுத்தால் சாம்பல் நிறம். எனக்கு அதைப் பார்த்ததும் வேலை ஓடவில்லை, அவர் பின்னாலேயே சுற்றினேன். எவ்வளவு காற்று போகிறது, இத்தனூண்டு தூசியை எதில் நிறுப்பீர்கள் என்று துளைத்தெடுத்ததில் அவரே சிரித்துவிட்டார். சில நாளில் கடிதம் வந்தது. கல் உடைக்கும் இயந்திரத்தின் மேல் தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அவை ஜூலை மாதத்தில் எந்தெந்த நாள் ஓடின என்று பொறுப்பாளர் கையெழுத்தோடு பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பொறுப்பாளர் நான்தான்.

அதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. தினமும் காலையில் 'ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பத்தொன்பது வருஷமாக ஆபீஸ் மேசையில் உட்கார்ந்தபடியே போட்டு வருகிறேன், மேலே ஏறிப் பார்த்ததில்லை. இயந்திரத்தைக் கவனிக்கும் வேலாயுதம் ஒழுங்கான மனிதர், தீபாவளிக்கு நமக்கு முறுக்குக் கொண்டுவருவாரே அவர்தான், அவர் திறந்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை. மேனேஜரும் புத்தகத்தில் உள்ளதைப் பார்த்து எழுதிக் கொடு என்று முடித்துவிட்டார். சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் தட்டிலிருந்து தலை நிமிராமல், "தினமும் தண்ணி ஓடுதுன்னு யார் சொன்னா? சில நாள் உங்க சட்டைய அலசுனா வாளித் தண்ணி அரிசி கழுவுன மாதிரி இருக்கு, சில நாள் தெளிவா இருக்கு. நீங்கதான் எங்கயோ விழுந்து புரண்டுட்டு வர்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

காதில் எறும்பு புகுந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. பதிலுக்குக் கொஞ்சம் தவணை வாங்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து அன்றன்றைய சட்டையை ஒரே அளவு தண்ணீரில் நானே அலசி, ஹார்லிக்ஸ் போத்தலில் ஊற்றித் தேதிச் சீட்டு ஒட்டி சமையலறை ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தேன். இரண்டு வாரம், பன்னிரண்டு போத்தல். ஊறுகாய் போட வைத்திருந்த போத்தல்களாம், அம்மாவுக்குக் கடுப்பு. ஆனால் தினமும் காலையில் எனக்கு முன்னால் போய்க் குனிந்து பார்ப்பதும் அவள்தான். ஐந்து போத்தலில் அடியில் வண்டல், ஏழில் ஒன்றுமில்லை. ஏன் அந்த ஐந்து நாள் மட்டும்? அன்றன்று என்ன கல் வெளியே போனது என்று எழுதும் லாரிச் சீட்டுகளைப் புரட்டினால், அந்த ஐந்து நாளும் பொடிக்கல் உடைத்த நாட்கள். மேலே ஏறிப்போய்க் கேட்டேன். வேலாயுதம் மறைக்கவே இல்லை. "ஈரமா இருந்தா பொடிக்கல்லு சல்லடையில அப்பிக்கும்ணே, மிஷின் நின்னுடும். அதான் அன்னிக்கு மட்டும் பைப்ப மூடிடுவேன். எத்தனையோ வருஷமா அப்படித்தான். நீங்க கேக்கலயே லா" என்றார்.

ஜூலையில் பொடிக்கல் உடைத்தது பதினொரு நாள். இருபத்தாறு நாளும் ஓடியதாகக் கையெழுத்திட்டிருக்கிறேன், பதினொரு நாள் ஓடவில்லை, பார்க்காமல் போட்டது என் தவறு என்று எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, இது போனால் முதலில் வேலை போவது உனக்குத்தான், ஓய்வுக்கு இரண்டே வருஷம் இருக்கிறது, வீட்டுக்குப் போய் யோசி என்றார். யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. மறுநாள் அதையே திரும்பக் கொடுத்தேன்.

இந்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பதினொரு நாள் சரி, மீதிப் பதினைந்து நாள் ஓடியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வேலாயுதம் சொன்னார் என்று சொல்லலாம். ஆனால் நான் பார்த்தேனா? தெரியாது சார் என்றேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்துக் கையெழுத்தும் அதோடு போயிற்று. வெட்கமாக இருந்தது, மகளே. தண்ணீர் இல்லாத நாளிலும் தூசி வெளியே பறக்காதபடி சல்லடைக்கு மூடி போடும் வரை இயந்திரம் நிற்கிறது. என்னை என்ன செய்வது என்று மாதக் கடைசியில் சொல்வார்களாம். அதுவரை வேலாயுதம் மூடிக்கு அளவெடுக்கிறார், நான் டேப் பிடிக்கிறேன்.

இனி உன் விஷயம். உனக்கும் லண்டனில் இருக்கும் அந்தோனிக்கும் ஜனவரியில் கல்யாணம் நடத்த, உன் பங்குச் சாமியார் பெற்றோர் கையெழுத்துக்காக அனுப்பிய படிவம் வந்து பத்து நாளாகிறது. பென்சில் குறி போட்ட இடத்தில் போட்டு உடனே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். முன்பென்றால் அன்றே தபாலில் போயிருக்கும். இந்தத் தடவை நான்கு பக்கத்தையும் படித்தேன். உம் மகள் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தன் சொந்த மனதோடு சம்மதிக்கிறாள் என்பது உமக்குத் தெரியுமா என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தோனி நல்ல பிள்ளை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெரியம்மா சம்பந்தம் சொன்னாள், நாங்கள் முடிவு செய்து உனக்கு எழுதினோம், நீ 'உங்கள் இஷ்டம் அப்பா' என்று ஒரு வரி எழுதினாய், அவ்வளவுதான். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். உன்னிடம் நான் கேட்கவே இல்லை.

இப்போது கேட்கிறேன். உனக்கு மனதார விருப்பமா? எதுவானாலும் அப்பா கோபப்பட மாட்டேன், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். படிவம் என் மேசையில்தான் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுகிறோம். மிளகாய்த்தூளை ஈரம் படாமல் வை. பதிலை யாருக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று பார்க்காமல் எழுது.

உன் அன்பு அப்பா,
ஆம்ப்ரோஸ்