நெருப்பு வைக்கப் போகும் மகள்

ஒக்டோபர் 3, வெள்ளி. வெக்ஸ்போர்ட்.

பின்னேரம் மகள் நிலானி போன் எடுத்தாள். மேற்கே மலைக்காட்டில் ஆராய்ச்சி வேலைக்கென்று போய் இரண்டு வருசமாகிறது. "அப்பா, நாளைக்கு நாங்களே காட்டுக்கு நெருப்பு வைக்கப் போறம்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோசம்.

எனக்கு ஊரில் எங்கள் வீடு எரிந்த நாள்தான் கண்ணுக்குள் வந்தது. "கொளுத்துறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். "சின்னச் சின்ன நெருப்பையெல்லாம் கனகாலமா அணைச்சு அணைச்சு, பைன் மரங்களுக்குக் கீழ சருகும் விறகும் குவிஞ்சுபோய்க் கிடக்கப்பா. கோடையில பத்தினால் ஒண்டும் மிஞ்சாது. இப்ப குளிருக்க மெல்லமா எரிச்சால் பெரிய மரங்கள் தப்பும். அதுகளுக்குப் பட்டை தடிப்பு."

"ஓம்" என்றேன். காற்று மாறினால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவளும் போனை வைத்துவிட்டாள்.

சமைக்க மனமில்லை. அவளுடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை அப்படிக் கேட்கவே விட்டிருக்கமாட்டாள்.

எட்டு மணிக்கு நானே திரும்ப எடுத்தேன். மலையில் சிக்னல் இல்லைப் போல. ஆங்கிலத்தில் அவளுடைய பதிவுக்குரல்தான் வந்தது. "பிள்ளை, கவனமா வை. முடிஞ்ச உடன அப்பாவுக்கு எடு" என்று சொல்லி வைத்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அது மட்டும் வாயில் வரவில்லை. போனின் சத்தத்தைக் கூட்டித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.