கடல் கடந்து வரும் குடி

பேர்கன், நோர்வே
12.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே பனி கரைந்துவிட்டது, நாங்கள் சுகம். நீங்களும் மச்சாளும் மருமக்கள் சிவதர்ஷன், ரதீஸும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் கடதாசி.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம். நான், ஓலாவ், பிள்ளைகள் நோரா, எலியாஸ். டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா போனபோது நான் தனியே வந்து திரும்பினேன். பிள்ளைகள் இன்னும் ஊரைக் கண்டதில்லை.

நாங்கள் வந்து சேரும் மறுநாள் கோயிலில் நம் குடிக்கு உரிய திருவிழா நாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இங்கே தெரிந்த ஒரு அக்கா, "தகப்பன் வெள்ளைக்காரன் எண்டா பிள்ளையளுக்கு என்ன குடி? சபையில எழுப்பி விட்டா உனக்குத்தான் வெக்கம்" என்று சொல்லிவிட்டா. நோராவுக்கு எட்டு வயது. விலகி நில் என்று யாராவது சொன்னால், மொழி தெரியாவிட்டாலும் அவளுக்கு விளங்கும். அப்படி நடக்குமென்றால் மறைக்காமல் எழுதுங்கள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தங்கி, உங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம்.

அன்புத் தங்கை
சுலோஜனா


களுதாவளை
09.06.2025

அன்பின் தங்கச்சி,

உன் கடதாசியைப் படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது, பிறகு மறுபடியும் சிரித்தேன். ஹோட்டலாம்! மண்டூரில் அம்மா உனக்குத் தந்த வீட்டை நான் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன், நீ ஹோட்டலில் போய்ப் படுக்கப் போகிறாயா?

வேறு பக்கத்துத் தமிழரோடு பழகிப் பழகி, எல்லாம் தகப்பன் வழி என்று நினைத்துவிட்டாய். மட்டக்களப்பில் குடி தாயோடு வருவது. அம்மாவின் குடிதான் நானும் நீயும். உன் வயிற்றில் பிறந்தவர்களும் அதே குடி. தகப்பன் நோர்வேயில் பிறந்தாலென்ன, சந்திரனில் பிறந்தாலென்ன! என் இரண்டு பெடியன்களையும் பார். தோளில் தூக்கி வளர்த்தவன் நான், ஆனால் அவர்கள் தாய் இலட்சுமிப்பிள்ளையின் குடி. நம் திருவிழாவுக்கு அவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வரலாம்.

நம் ஆட்கள் சண்டையிலும் சுனாமியிலும் போனது உனக்குத் தெரியும். இப்போது கோயிலை நடத்தும் வண்ணக்கர் நம் குடியைக் கூப்பிட்டால் எழுந்து போவது நான் ஒருவன். நம் குடிக்கு மரியாதையாகத் தரும் வெற்றிலை பாக்கு வைத்த காளாஞ்சித் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் பின்னால் ஒருவரும் இல்லை. உன் மகனுக்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் குடியைக் கொண்டுபோகப் போகிறவள் உன் மகள். அவள் வராவிட்டால் என்னோடு முடிந்தது. உன் கேள்விக்கு இதுதான் பதில்.

மச்சானுக்கு உறைப்புக் கறி ஒத்துக்கொள்ளுமா என்று இலட்சுமிப்பிள்ளை கேட்கிறாள். எழுது.

அண்ணன்
வினாயகமூர்த்தி


டோஹா விமான நிலையம்
26.07.2025

அன்புள்ள அண்ணா,

இதைப் படம் பிடித்து சிவதர்ஷனின் போனுக்கு அனுப்புகிறேன், அவன் காட்டுவான். பேர்கனில் ஏறியது போன மாதம் போல இருக்கிறது. எலியாஸ் முதல் விமானத்தில் சத்தி எடுத்தான், அடுத்ததில் பக்கத்து இருக்கைக்காரரோடு சிநேகமாகி அவருடைய பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டான். நோரா ஜன்னலை விட்டு அசையவே இல்லை. மலை, மேகம், பிறகு மணல். அந்த மணலுக்கு முடிவே இல்லை அண்ணா.

"இவ்வளவு தூரமும் நீங்க தனியாவா வந்தீங்க அம்மா?" என்று நோர்வே மொழியில் கேட்டாள். ஓம் என்றேன். நம் அம்மா போனபோது வழிநெடுக அழுதுகொண்டே வந்தவள் நான், வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. உலகம் இவ்வளவு பெரிது என்று என் பிள்ளையின் தோளுக்கு மேலால் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

உங்கள் கடதாசியை ஓலாவுக்குச் சொன்னேன். அப்படியானால் நான் என்ன குடி என்று கேட்டார். உங்கள் அம்மாவின் குடி, கோயிலில் எங்களுக்குப் பின்னால் நில்லுங்கள் என்றேன். நியாயம்தான் என்றார். உறைப்பும் சாப்பிடுவார், கண்ணீர் மட்டும் வடியும்.

நோரா ஒரு வசனம் பாடமாக்குகிறாள். "மாமா, சுகமா இருக்கிறீங்களா?" உங்களைக் கண்டதும் முதலில் தானே சொல்ல வேண்டுமாம்.

சுலோ


அம்மாவின் வீடு
28.07.2025, மத்தியானம்

அண்ணா,

எங்களைப் பார்க்க வந்த ரதீஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்று காலை குருமண்வெளியில் வான் வண்டியோடு, வாவி கடக்கும் பாதையில் ஏறினோம். அந்தத் தட்டைப் படகு கரையை விட்டு நகர்ந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடலும் மலையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அண்ணா! நடு வாவியில் அலையில்லை, சத்தமில்லை, வானம் முழுக்கக் கீழேயும் இருந்தது. இங்கே சத்தம் போடக்கூடாதா என்று நோரா என் காதுக்குள் கேட்டாள். பாதை ஓட்டுகிறவர், "ஆர்ர புள்ளயள் கா இது?" என்று கேட்டார். "என்ட புள்ளயள்" என்றேன், அதற்கு மேல் சொல்லத் துணிவு வரவில்லை.

மண்டூர்த் துறையில் நீங்கள் நின்றீர்கள். நோரா ஓடிவந்து தன் வசனத்தைச் சொன்னாள். நீங்கள் அவளைப் பார்த்தபடி நின்றீர்கள், எங்கள் கையிலிருந்த பைகளைத் தூக்கி வான் வண்டியில் வைத்தீர்கள், வீடு வரைக்கும் வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை இல்லை. பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கடதாசியில் எழுதுவது சுலபம். அவளுடைய முடியையும் கண்ணையும் நேரில் கண்டதும் மனம் மாறிவிட்டதென்றால் சொல்லிவிடுங்கள். நாளைக்கு நாங்கள் கோயிலுக்கு வரவில்லை.

சுலோஜனா


களுதாவளை
28.07.2025, பின்னேரம்

என் தங்கச்சி,

உன் கடதாசித் துண்டை இலட்சுமிப்பிள்ளைதான் முதலில் வாசித்தாள். "பச்சப் புள்ள சுகம் கேட்டிருக்கு, வாயத் துறந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா உங்களுக்கு?" என்று ஏசின ஏச்சு இன்னும் ஓயவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

வாய் வரவில்லை பிள்ளை, அவ்வளவுதான். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். பாதை கரையை நெருங்கும்போது உன் மகள் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீ சொல்கிற அந்த முடியைப் பார்த்தேன்தான். எந்தப் பனி தேசத்திலோ பிறந்து, இத்தனை கடலும் தாண்டி, அம்மாவின் குடி என்னைப் பார்த்து வருகிறதே என்று நினைத்தேன். சாமிக்கு முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை. பிள்ளை வாய் திறந்து "மாமா" என்றதும், இனி ஒரு சொல் சொன்னால் துறையடியில் நின்று அழுவேன் என்று தெரிந்தது. அதுதான் பையைத் தூக்கினேன்.

அவள் ஒரு பிழையும் விடவில்லை என்று சொல்லு. மாமா நல்ல சுகம் என்றும் சொல்லு.

விடிய வந்து உங்களைக் கூட்டிப்போவேன். வண்ணக்கரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நம் குடியைக் கூப்பிட்டதும் நோரா எழுந்து போய் இரண்டு கையையும் நீட்டிக் காளாஞ்சியை வாங்கினால் போதும், தமிழ் தேவையில்லை. தட்டைக் கண்டு பயந்தால் திரும்பிப் பார்க்கச் சொல்லு. நான் பின்னால் நிற்பேன்.

பிள்ளைகளின் மாமன்
வினாயகமூர்த்தி