பயணத் தொகுப்பில் இல்லாத உன் குரல்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பணி ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு தூரம் பாடம் நடத்த வந்தபோது, நம் வாசலிலிருந்து வழிநெடுகக் கேட்ட சத்தங்களைப் போனில் பதிந்தேன் அல்லவா? பக்கத்து அறை சவுண்டு இன்ஜினியர் அவற்றைக் கோத்து, நாற்பது நிமிட இசைத் தொகுப்பாக்கித் தந்தார். பஸ், ரயில், விமானம் எல்லாம் இருக்கின்றன. வாசலில் நீ பேசியது மட்டும் இல்லை.

கேட்டால், "அது இடைஞ்சலா இருந்துச்சு சார், கிளீன் பண்ணிட்டேன்" என்கிறார். விடையை அழித்துவிட்டு மார்ஜினை வைத்துக்கொண்ட மாணவனைப் போல! இடமில்லையென்று போனிலிருந்த அசல் பதிவை அழித்த என்னை என்ன சொல்ல?

"மாத்திரைய மறந்தீங்க, அங்கயே வந்து கேப்பேன்" என்றாயே, அதை மறுபடி சொல்லி, போனில் பதிந்து அனுப்பு. குக்கர் கத்தினாலும் நிறுத்தாதே. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் வாத்தியார்