முப்பது கட்டு விறகு

தயானி அப்பாவுக்கு,

மார்கழி, தை இரண்டு மாதமும் குளிர் வாட்டும், ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்று கணக்குப் போட்டு அறுபது கட்டு விறகு சுமந்து வந்து அடுக்கினேன். நீங்கள் என்னைக் கேட்காமல் முப்பது கட்டைக் கோயில் அன்னதானத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "மிச்சம் தாராளமா போதும் புள்ள" என்கிறீர்கள். மிச்சத்தை இரண்டு மாதத்துக்கு இழுக்க ராத்திரிக்கு அரைக் கட்டுதான் எரிக்கிறேன்; நேற்றுக் காலையில் நம் பேத்தியின் பாதம் நீலம் பாரித்திருந்தது. பிறந்து பதினொரு நாள்தான் ஆகிறது.

தயானியையும் குழந்தையையும் மொனராகலையில் என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே இந்தக் குளிர் இல்லை. முப்பது கட்டும் திரும்ப அடுக்கிய பிறகு போன் பண்ணுங்கள். அதற்கு முன்னால் பேச்சு வேண்டாம்.

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன்.

பவளம்

பி.கு. உங்கள் கம்பளியைக் குழந்தைக்குச் சுற்றி எடுத்துப் போகிறேன்.